சைனஸ் கணுவும் அறுவைக் கத்தியும்: இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் தாளக் கோளாறுகள்

சுவீடனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஓக்கெ சென்னிங்கின் பெயர் இதய மருத்துவ வரலாற்றில் இரண்டு இடங்களில் வருகிறது. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில், பொறியாளர் ரூனெ எல்ம்க்விஸ்ட் உருவாக்கிய பேஸ்மேக்கரை ஆர்னெ லார்சன் என்பவரின் உடலுக்குள் வைத்துத் தைத்தார் சென்னிங். மனித உடலுக்குள் முழுவதுமாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். சில மணி நேரமே அது இயங்கியது. மாற்றுக் கருவி வைக்க வேண்டியதாயிற்று. பின்னர் கருவி மாற்றிக் கருவி மாற்றி லார்சன் 2001 வரை வாழ்ந்தார். பெருந்தமனிகள் இடம்மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தாம் வகுத்த அறுவை சிகிச்சையை 1959-இல் சென்னிங் வெளியிட்டார். உடல் நீலம் பாரித்து இறந்துபோயிருக்க வேண்டிய எத்தனையோ குழந்தைகளை அந்த முறையும், பின்னால் கனடாவில் வந்த அதன் மாற்று வடிவமும் பிழைக்க வைத்தன. அப்படிப் பிழைத்து வளர்ந்தவர்களில் பலருக்கு இளமையிலேயே இதயத் துடிப்பு மந்தமானது. அவர்களுக்கும் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது.

காரணம், இதயத்தின் துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணு. அறுவை சிகிச்சையில் அந்தக் கணு காயப்படுவதை மேசையில் நடந்த கைத்தவறாகவே நோயாளிகளும், சில நேரம் மருத்துவர்களும் பார்க்கிறார்கள். கைத்தவறும் உண்டுதான். ஆனால் கடந்த அறுபது எழுபது ஆண்டு அனுபவத்தை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது, எங்கே குழாய் செருகுவது என்ற திட்டத்திலேயே பெரும்பாலான ஆபத்து அடங்கியிருந்தது. திட்டம் மாறியபோதுதான் காயமும் குறைந்தது. எந்தத் திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது தெரிவதற்கோ பல ஆண்டுகள் பிடித்தன. இந்தக் காயம் தன்னைத் தாமதமாகவே காட்டிக்கொள்கிறது.

கணு இருக்கும் இடம்

1906-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்த தம் கிராமத்து வீட்டில் உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத் இதயங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடன் இருந்த மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃப்ளாக், அகழெலியின் இதயத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேற்பெருஞ்சிரை வலது மேலறையில் வந்து சேரும் இடத்தில் வித்தியாசமான ஒரு திசுவைக் கண்டார். மற்றப் பாலூட்டிகளிலும் அதே இடத்தில் அது இருந்தது. இருவரும் அதை 1907-இல் வெளியிட்டனர். ஜெர்மனியின் மார்பர்க்கில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. கணுவை 1906-இல்தான் விவரித்திருந்தார். ஓராண்டு இடைவெளியில் இதயத்தின் மின்பாதையின் இரு முக்கிய நிலையங்களும் தெரியவந்தன. துடிப்பின் மின்னலை சைனஸ் கணுவில்தான் பிறக்கிறது என்பதை 1910 வாக்கில் தாமஸ் லூயிஸ் முதலியோரின் சோதனைகள் உறுதி செய்தன.

வளர்ந்த மனிதரிடம் இந்தக் கணு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு நீளமும் சில மில்லிமீட்டர் அகலமும் உள்ள பிறை வடிவத் திசு. மேற்பெருஞ்சிரையும் மேலறையும் சேரும் இடத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில், இதயத்தின் வெளிப்புறப் பரப்புக்கு வெகு அருகில் அது கிடக்கிறது. பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. பெரும்பாலானோருக்குச் சிரையின் வலப்பக்கமாக இருக்கும். பத்தில் ஒருவருக்குச் சிரையின் முன்புறத்தைத் தாண்டி மறுபக்கமும் இறங்கி லாடம் போல வளைந்திருக்கும். தனி நிறமோ தெளிவான விளிம்போ கிடையாது. மார்பைத் திறந்து நிற்கும் மருத்துவர் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணிக்கலாம். இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

கணுவுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியின் கதை இன்னும் சிக்கலானது. நூறு பேரில் அறுபது, எழுபது பேருக்கு அது வலது கரோனரித் தமனியிலிருந்து கிளைக்கிறது. மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு இடப்பக்கத்து சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனியிலிருந்து கிளம்பி, இடது மேலறையின் கூரை வழியாக ஊர்ந்து வலப்பக்கம் வருகிறது. சிரையின் முன்புறமாகவோ பின்புறமாகவோ சுற்றியோ கணுவை அடைகிறது. ஆகவே கணுவிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளி, இடது மேலறைக் கூரையில் போடும் வெட்டுக்கூடக் கணுவைப் பட்டினி போடக்கூடும்.

துடிப்பின் ஊற்று ஒரே புள்ளியும் அல்ல. மேலறைச் சுவரின் உட்புற முகடான கிரிஸ்டா டெர்மினாலிஸ் நெடுகத் துடிப்பைத் தொடங்கவல்ல செல்கள் பரவியிருக்கின்றன. உடல் வேலை செய்யும்போது ஊற்று மேல்நோக்கி நகரும், ஓய்வில் கீழிறங்கும். பஜனையில் தாளம் போடுபவர் நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் சற்று மெதுவாக எடுத்துக்கொள்வதைப் போல, கணு ஓய்ந்தால் கீழேயுள்ள செல்கள் பொறுப்பேற்கின்றன. மேலறைச் செல்களும் ஓய்ந்தால் ஏ.வி. கணுப் பகுதி நிமிடத்துக்கு 40 முதல் 60 துடிப்புகள் தருகிறது. இந்த ஏற்பாடு உயிரைக் காக்கிறது. காயத்தை மறைப்பதும் இதே ஏற்பாடுதான்.

காயம் ஏற்படும் வழிகள்

முதல் வழி நேரடியானது: கணுவின் மேலேயே வெட்டு, தையல், கவ்வி. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைப்பதற்காக மேற்பெருஞ்சிரையில் கேனுலா எனும் குழாயைச் செருகி, அதைச் சுற்றிச் சுருக்குத் தையல் போடுகிறார்கள். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் அந்த இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றியைப் பெற்றதிலிருந்து இன்றுவரை, வலது மேலறையைத் திறக்க வேண்டிய பெரும்பாலான அறுவை சிகிச்சைகளில் இந்தக் குழாய் உண்டு. அந்தச் சுருக்கு சிரையும் மேலறையும் சேருமிடத்தில் விழுந்தால் கணு நசுங்கும்.

இரண்டாவது வழி ரத்த ஓட்டம் அறுபடுவது. கணுவின் தமனி வெட்டுப்படலாம். வலது கரோனரிக்குள் காற்றுக் குமிழி நுழையலாம். இதயத்தை நிறுத்தி வைக்கும் குளிர்ந்த கார்டியோபிளீஜியா கரைசல் கீழறைத் தசையைக் காப்பாற்றும் அளவுக்கு மேலறைச் சுவரைக் காப்பாற்றாமல் போகலாம். மூன்றாவது, நரம்புகள். மேற்பெருஞ்சிரையைச் சுற்றிப் பிரித்தெடுக்கும்போது கணுவுக்கு வரும் வேகஸ், சிம்பதெடிக் இழைகள் அறுபடுகின்றன. கணு உயிரோடிருக்கும், உடலின் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதற்குக் கட்டளை வராது.

நான்காவது வழி தழும்பு. இது அறுவை முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் வளர்வது. தையல் கோட்டைச் சுற்றி நார்த்திசு படர்கிறது. அழுத்தம் கூடிய மேலறை விரிகிறது. கணுவிலிருந்து வெளியேறும் மின்னலைக்கு வழி குறுகுகிறது. அதே தழும்பைச் சுற்றி மின்னலை வளையமிட்டு ஓடத் தொடங்கினால் ஏட்ரியல் ஃப்ளட்டர் எனும் வேகத் துடிப்பு வருகிறது. ஒரே நோயாளிக்கு ஒரு நாள் துடிப்பு மந்தம், மறுநாள் பாய்ச்சல் என மாறிமாறி வருவதற்கு இதுவே காரணம்.

எல்லாப் பழியையும் கத்தியின் மீது போட்டுவிடவும் முடியாது. மேலறை நடுச்சுவரில் துளையோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அறுவைக்கு முன்பே கணுவின் திறன் குறைந்திருப்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. உறுப்புகளின் இட வல அமைப்பு பிசகிப் பிறக்கும் இடது ஐசோமெரிசம் என்ற நிலையில் கணுவே சரியாக உருவாகியிருக்காது. வயது முதிர்ந்தால் கணு தானாகவும் நலிகிறது. அறுவைக்கு முன் எடுத்த தாளப் பதிவு இல்லாவிட்டால், எது பழைய குறை, எது புதிய காயம் என்று பின்னால் பிரித்துச் சொல்ல வழியில்லை.

மஸ்டர்டும் சென்னிங்கும்: மெதுவாக வந்த பாடம்

பெருந்தமனிகள் இடம்மாறிப் பிறக்கும் குழந்தையின் இதயத்தில், உடலிலிருந்து வரும் அசுத்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் மறுபடி உடலுக்கே போகிறது. தமனிகளை மாற்றித் தைக்கும் தொழில்நுட்பம் அப்போது கைகூடவில்லை. ஆகவே சென்னிங் மேலறைகளுக்குள்ளேயே ரத்தத்தைத் திசைதிருப்பினார். டொராண்டோவின் நோயுற்ற குழந்தைகள் மருத்துவமனையில் வில்லியம் மஸ்டர்ட் 1963-இல் இதையே எளிமையாக்கினார்: மேலறை நடுச்சுவரை வெட்டியெடுத்துவிட்டு, இதய உறையின் திசுவால் ஒரு தடுப்பைத் தைத்து, ரத்தத்தை மாற்றுப் பாதையில் அனுப்பினார். உலகமெங்கும் அம்முறை பரவியது.

இரு முறைகளிலும் மேலறைகளின் உட்புறம் முழுக்கத் தையல் ஓடுகிறது. அதில் ஒரு பகுதி கணுவின் அண்டையில். குழந்தைகள் நலமாக வீடு திரும்பினர். பின்னர் வந்த இசிஜிகளில் ஒவ்வொருவராக சைனஸ் தாளத்தை இழப்பது தெரிந்தது. ஏன் என்பதில் 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் பெரும் விவாதம் நடந்தது. சைனஸ் கணுவுக்கும் ஏ.வி. கணுவுக்கும் இடையே தனிப்பட்ட மின்தடங்கள் உள்ளன என்பது அமெரிக்கர் தாமஸ் ஜேம்ஸ் முன்வைத்த கருத்து. மேலறைகளில் வெட்டும்போது அந்தத் தடங்கள் அறுபடுகின்றன என்று பலர் நம்பினர். அப்படித் தனித்து உறையிட்ட தடங்கள் எவையும் மேலறைச் சுவரில் இல்லை, சாதாரணத் தசை இழைகளின் அடுக்கே மின்னலையை நடத்துகிறது என்று பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் ராபர்ட் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் வாதிட்டனர்.

டெக்சாஸின் ஹூஸ்டனில் அறுவை செய்யப்பட்ட குழந்தைகளிடம் நடந்த மின் ஆய்வுகள் இந்த விவாதத்தைத் திருப்பின. ஏ.வி. கணு வரையிலான கடத்தல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது; பழுதுபட்டிருந்தது சைனஸ் கணுதான். இறந்த குழந்தைகளின் இதயங்களை நுண்ணோக்கியில் பார்த்த நோயியலாளர்களும் கணுவிலும் அதன் தமனியிலும் காயத்தையும் நார்த்திசுவையும் கண்டனர். விளைவு உடனே செயலுக்கு வந்தது. குழாயைக் கணுவிலிருந்து தள்ளிச் சிரையில் செருகத் தொடங்கினர். தடுப்பின் தையலைச் சேருமிடத்திலிருந்து விலக்கினர். அறுவையைத் தொடர்ந்த நாட்களில் தாளக் கோளாறு குறைந்தது.

ஆனாலும் நீண்டகாலக் கணக்கு கசப்பாகவே இருந்தது. டொராண்டோ மருத்துவமனை தன் முப்பதாண்டு அனுபவத்தை 1997-இல் வெளியிட்டபோது, மஸ்டர்ட் அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் 77 விழுக்காட்டினரிடம் இருந்த சைனஸ் தாளம் இருபதாண்டுக்குப் பின் 40 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. ஐந்தாம் ஆண்டோடு கணக்கை முடித்திருந்தால் முறை பெரிதாகக் குறைசொல்ல இடமில்லாததாகவே தெரிந்திருக்கும். இவர்களிடம் திடீர் மரணமும் நிகழ்ந்தது. 2004-இல் பல ஐரோப்பிய மையங்களின் பதிவுகளைத் தொகுத்தபோது, அத்தகைய மரணங்களில் பெரும்பாலானவை உடலுழைப்பின்போது, வேகத் துடிப்பால் நேர்ந்தவை என்று தெரிந்தது. பேஸ்மேக்கர் வைத்திருந்ததும் தடுக்கவில்லை. மந்தத்துக்குக் கருவி போதும்; அதே தழும்பிலிருந்து எழும் பாய்ச்சலுக்குப் போதாது.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. 1975-இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் அடிப் ஜாதேனே தமனிகளையே அறுத்து இடம்மாற்றித் தைத்தார். மேலறைகளுக்குள் நீளத் தையல் போட வேண்டிய தேவையே ஒழிந்தது. 1980-களில் பல நாடுகள் அந்த முறைக்கு மாறின. சைனஸ் கணுவை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு மிகச் சிறந்த விடை, அந்தப் பக்கமே போகாதிருப்பதாக அமைந்தது. பழைய முறையில் பிழைத்தவர்கள் இன்று நடுவயதினர். அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்கள்.

ஒற்றைக் கீழறை இதயங்கள்

விலகிச் செல்லும் வசதி எல்லா நோய்க்கும் வாய்க்கவில்லை. ஒரே ஒரு வேலை செய்யும் கீழறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை நேரடியாக நுரையீரலுக்கு அனுப்பும் அறுவையை பிரான்சின் போர்டோவில் ஃபிரான்சிஸ் ஃபோன்டன் 1968-இல் செய்தார், 1971-இல் வெளியிட்டார். அவர் முறையில் மேலறை உயர் அழுத்தத்தில் ஊதிப் பெருத்தது. அதைத் தவிர்க்க 1980-களின் இறுதியில் மேலறைக்குள் பக்கச் சுரங்கம் தைத்தார்கள். தையல் கிரிஸ்டா டெர்மினாலிஸ் ஓரமாக ஓடியது. 1990-இல் இத்தாலியரான கார்லோ மார்செலெட்டி இதயத்துக்கு வெளியே ஒரு செயற்கைக் குழாயை வைத்து, கீழ்ப்பெருஞ்சிரையின் ரத்தத்தை மேலறையைத் தொடாமலே அனுப்பும் வழியைக் காட்டினார்.

வெளிக்குழாய் வந்ததும் கணுக் காயம் மறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. முடிவுகள் ஒருமுகமாக இல்லை. சில மையங்களில் குறைந்தது, சிலவற்றில் வேறுபாடில்லை, வெளிக்குழாய் வைத்தவர்களிடம் தொடக்க காலக் கோளாறு சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. இரண்டு முறைகளுக்கும் முன்படியாக மேற்பெருஞ்சிரையைக் கணுவுக்குச் சற்று மேலே அறுத்து நுரையீரல் தமனியோடு இணைக்கிறார்கள். கணுவின் அருகே கை போவது அந்தப் படியிலேயே நடந்துவிடுகிறது. கீழ்ப்பெருஞ்சிரையின் பாதையை மேலறைக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்ற ஒரு தேர்வால் மட்டும் விடை கிடைக்காததற்கு இது ஒரு காரணம்.

சைனஸ் தாளம் போவதன் விலை இவர்களிடம்தான் மிக அதிகம். சாதாரண இதயத்தில் மேலறைச் சுருக்கம் தவறினாலும் கீழறை சமாளிக்கும். இங்கே நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளத் தனி அறையே இல்லை. மேலறையும் கீழறையும் ஒத்திசையாமல், மூடிய வால்வுக்கு எதிரே மேலறை சுருங்கினால் அழுத்தம் பின்னோக்கிப் பரவுகிறது. கல்லீரலும் குடலும் நுரையீரலும் பாதிப்படைகின்றன. பேஸ்மேக்கர் வைப்பதும் எளிதல்ல. சிரை வழியாக இதயத்துக்குப் போகும் பாதை அடைபட்டிருப்பதால், பெரும்பாலும் மீண்டும் மார்பைத் திறந்து இதயத்தின் வெளிப்பரப்பில் கம்பி தைக்க வேண்டும்.

கணுவைச் சுற்றிப்போன வார்டன்

திட்டம் மாறினால் காயம் மாறும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று சைனஸ் வீனோசஸ் துளை. மேலறை நடுச்சுவரின் உச்சியில், மேற்பெருஞ்சிரை சேருமிடத்திலேயே துளை. கூடவே வலது நுரையீரலின் சிரைகள் தவறாக மேற்பெருஞ்சிரையில் வந்து விழும். பழைய முறையில் சேருமிடத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்து, ஒட்டுத்துணி வைத்து நுரையீரல் ரத்தத்தை இடது மேலறைக்குத் திருப்பி, குறுகிப்போன சிரையை இன்னொரு ஒட்டால் அகலப்படுத்தினார்கள். வெட்டு கணுவின் மேலேயோ பக்கத்திலேயோ போனது.

அமெரிக்கர் ஹெர்பர்ட் வார்டனும் அவர் குழுவினரும் 1984-இல் வெளியிட்ட முறையில் சேருமிடத்தை வெட்டவே இல்லை. நுரையீரல் சிரைகள் வந்து விழும் இடத்துக்கு மேலே மேற்பெருஞ்சிரையை அறுத்து, மேல் முனையை வலது மேலறையின் காதுமடலில் இணைத்தார்கள். கீழ் முனை, நுரையீரல் ரத்தத்தைத் துளை வழியே இடப்பக்கம் கொண்டுபோகும் பாதையாகிவிடும். கணு தொடப்படாமல் நடுவில் நிற்கும். இம்முறை பரவிய பிறகு, இந்தக் குறையைச் சரிசெய்தபின் சைனஸ் தாளம் இழப்பவர்கள் வெகுவாகக் குறைந்தனர். புதிய இணைப்பில் சிரை குறுகும் வாய்ப்பு மட்டும் கவனிக்க வேண்டிய விலை. கடந்த பத்தாண்டில் ஒரு படி மேலே போய், பொருத்தமான உடலமைப்பு உள்ள பெரியவர்களுக்கு மார்பைத் திறக்காமல், சிரை வழியாக உறையிட்ட ஸ்டென்ட் வைத்தே சரிசெய்கிறார்கள். சென்னையின் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவர்கள் இதில் தம் அனுபவத்தை மருத்துவ இதழ்களில் வெளியிட்டிருக்கிறார்கள்.

மைட்ரல் வால்வும் மேஸ் அறுவையும்

பெரியவர்களிடம் கணுவுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மைட்ரல் வால்வைத் தேடிப் போகும் பாதையில் இருக்கிறது. இடது மேலறையை நேரே திறப்பது வழக்கமான பாதை. மேலறை சிறிதாக இருந்தாலோ முன்பே அறுவை நடந்து ஒட்டிப்போயிருந்தாலோ வால்வு கண்ணுக்குச் சரியாக எட்டாது. அதற்காக 1990-களின் தொடக்கத்தில் மேல்-நடுச்சுவர்ப் பாதை வந்தது: வலது மேலறையைத் திறந்து, நடுச்சுவரைப் பிளந்து, அந்த வெட்டை இடது மேலறையின் கூரை வரை நீட்டுவது. வால்வு கண்ணுக்கு நேரே வந்துவிடும். கணுவின் தமனி பெரும்பாலும் வழியில் அறுபடும். இந்தப் பாதையில் அறுவை செய்துகொண்டவர்களில் பலர் சில நாட்கள் சைனஸ் தாளம் இழந்து, வேறோர் இடத்திலிருந்து கிளம்பும் மேலறைத் தாளத்திலோ ஏ.வி. கணுத் தாளத்திலோ இருந்தனர். வேறு சிறு தமனிகளிலிருந்து ரத்தம் வந்து பெரும்பாலோர் மீண்டுவிட்டனர். நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படுவது கூடுகிறதா என்பதில் மையத்துக்கு மையம் முடிவு வேறுபடுகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடுவது இன்னும் பரவலாக உள்ள இந்தியாவில், மைட்ரல் வால்வுக்காக இரண்டாம் முறை மார்பு திறக்கப்படும் நோயாளிகள் உண்டு. இந்தக் கேள்வி இங்கே ஏட்டோடு நிற்பதில்லை.

மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான மேஸ் அறுவை இன்னொரு பாடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜேம்ஸ் காக்ஸ் 1987-இல் அதை முதன்முதலாகச் செய்தார். ஒழுங்கற்ற மின்னலைகள் வளையமிட முடியாதபடி மேலறைகளில் திட்டமிட்டு வெட்டித் தைப்பதே முறை. முதல் வடிவத்தில் ஃபிப்ரிலேஷன் நின்றது. ஆனால் பலருக்கு உடலுழைப்பின்போது துடிப்பு ஏற மறுத்தது. வேகமான சைனஸ் துடிப்பு பிறக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு வெட்டு போய்க்கொண்டிருந்தது. காக்ஸ் வெட்டின் இடத்தை மாற்றினார். இரண்டாவது வடிவம் செய்வதற்கு மிகக் கடினமாக இருக்கவே மூன்றாவதை வகுத்தார். 1990-களில் நிலைபெற்றது அந்த மூன்றாம் வடிவம். தம் முறையின் குறையைத் தாமே அளந்து, வெட்டுக்கோட்டை நகர்த்தி, மறுபடி அளந்தது இந்தத் துறையின் மிக நேர்மையான அத்தியாயங்களில் ஒன்று.

ஆனாலும் பேஸ்மேக்கர் கேள்வி தீரவில்லை. மைட்ரல் வால்வு அறுவையோடு ஃபிப்ரிலேஷனுக்கான அப்லேஷனும் (கத்திக்குப் பதில் சூட்டாலோ குளிராலோ தழும்புக்கோடு போடுவது) செய்வதை, செய்யாததோடு ஒப்பிட்ட வட அமெரிக்கச் சோதனை 2015-இல் வெளியானது, 260 நோயாளிகள். அப்லேஷன் செய்துகொண்டவர்களிடம் நூறு நோயாளி-ஆண்டுக்கு 21.5 பேஸ்மேக்கர்களும், செய்யாதவர்களிடம் 8.1-ம் வைக்கப்பட்டன. இதை முழுக்கக் கணுக் காயம் என்று படிப்பது தவறு. ஏ.வி. கணுவின் தடையும் இதில் கலந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஃபிப்ரிலேஷனில் இருந்த இதயத்தில் சைனஸ் கணு பயன்பாடின்றி நலிந்துபோயிருக்கும். ஃபிப்ரிலேஷன் நின்றதும் அந்த நலிவு வெளியே தெரிகிறது. எத்தனை பேரிடம் கத்தி கணுவைக் கெடுத்தது, எத்தனை பேரிடம் கெட்டிருந்த கணுவை வெளிக்காட்டியது என்பதை இத்தகைய சோதனைகளால் பிரிக்க முடிவதில்லை.

மாற்று இதயத்தில்

இதய மாற்று அறுவையில் பெறுநருக்கு இரண்டு சைனஸ் கணுக்கள் இருக்க முடியும். நார்மன் ஷம்வேயும் ரிச்சர்ட் லோயரும் 1960-இல் வெளியிட்ட முறையில், பெறுநரின் மேலறைகளின் பின்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் கொடையாளரின் இதயத்தைத் தைத்தார்கள். பெறுநரின் பழைய கணு தன் எல்லைக்குள் துடிக்கும். தழும்பைத் தாண்டி அது பரவாது. இசிஜியில் இருவகை மேலறை அலைகள் தெரியும். நீண்ட மேலறைத் தையலும் கொடையாளர் கணுவுக்கு அருகே போன வெட்டும் புதிய கணுவைப் பாதித்தன. 1990-களில் பரவிய இரு-பெருஞ்சிரை முறையில், வலது மேலறையைத் துண்டாக்காமல் மேல், கீழ்ப் பெருஞ்சிரைகளையே இணைக்கிறார்கள். அமெரிக்க உறுப்புமாற்றுப் பதிவேட்டின் தரவுகளில், பழைய முறையில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தேவைப்பட்ட நிரந்தர பேஸ்மேக்கர் புதிய முறையில் இரண்டு பேருக்கே தேவைப்பட்டது. அறுவை மருத்துவர்களின் கை அப்படியே இருக்க, தையலின் இடம் மாறியதால் வந்த வேறுபாடு இது.

மாற்று இதயத்துக்கு நரம்புத் தொடர்பு கிடையாது. வேகஸின் கட்டுப்பாடு இல்லாததால் அது ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். அதனால் 65 என்ற எண், மற்றவர்களிடம் இயல்பு. இவர்களிடம் கணு நலிந்ததன் அறிகுறி. மந்தத் துடிப்புக்கு வழக்கமாகத் தரும் அட்ரோபின் இங்கே வேலை செய்யாது. ஐசோபுரோட்டெரினால், தியோஃபிலின் போன்றவற்றையோ தற்காலிகக் கருவியையோ நாட வேண்டும்.

கண்டுபிடிப்பதும் காத்திருப்பதும்

கணு காயப்பட்டவர் எல்லோரும் மயங்கி விழுவதில்லை. சிலருக்குத் தலைசுற்றல், பலருக்கு மாடிப்படி ஏறினால் களைப்பு. அறுவை செய்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் எண்ணிக்கொள்வார்கள். ஓய்வில் எடுக்கும் இசிஜி இயல்பாகவே காட்டலாம். ஆகவே 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஓடும் ஹோல்ட்டர் பதிவும், டிரெட்மில் பரிசோதனையும் தேவை. வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 80 விழுக்காட்டைக்கூட எட்ட முடியாதவருக்கு வேகமேறும் திறன் குறைந்திருக்கிறது என்று கொள்வது வழக்கம். பீட்டா பிளாக்கர், டிகாக்சின், அமியோடரோன் போன்ற மருந்துகளும் துடிப்பை மந்தமாக்கும். கணுவைக் குறை சொல்வதற்கு முன் மருந்துச் சீட்டைப் பார்ப்பது முதல் வேலை.

அறுவை முடிந்ததும் மேலறை, கீழறைகளின் பரப்பில் தற்காலிகக் கம்பிகளைத் தைத்து வெளியே எடுத்து வைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் வேர் மினியாபோலிஸில் இருக்கிறது: அங்கே வால்ட்டன் லில்லெஹை, அறுவையில் ஏ.வி. தடை வந்த குழந்தைகளுக்காக 1957-இல் இதயத் தசையில் கம்பி தைக்கத் தொடங்கினார். ஏ.வி. தடையையும் சைனஸ் கணுக் காயத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. ஏ.வி. தடை முழுமையானால் உயிராபத்து அருகில். நீண்ட நாள் காத்திருக்க முடியாது. கணுக் காயத்தில் மாற்றுத் தாளம் கைகொடுப்பதால் அவகாசம் உண்டு. வீக்கம் வடிந்து, ரத்தம் மீண்டு வந்து, பலருக்கும் கணு விழித்துக்கொள்கிறது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டி, அறுவைக்கும் மாற்றுக்கும் பின் வரும் சைனஸ் கணுக் கோளாறில் நிரந்தர பேஸ்மேக்கர் வைக்குமுன் ஆறு வாரம் வரை காத்திருப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இந்த அவகாசத்துக்கு வார்டில் இடமும் வீட்டில் பொறுமையும் வேண்டும்; இரண்டும் குறையும் இடத்தில் தேவையில்லாத கருவி வைக்கப்படுகிறது.

வைத்தே ஆக வேண்டுமென்றால் மேலறையைத் தூண்டும் கருவியே நல்லது. கீழறையை மட்டும் தூண்டும் பழைய வகையைவிட மேலறை சார்ந்த தூண்டலில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் குறைவு என்பதை டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் காட்டின. உடல் அசைவை உணர்ந்து வேகத்தைக் கூட்டும் கருவிகள் கணு இழந்த திறனின் ஒரு பகுதியைத் திருப்பித் தருகின்றன. குழந்தைக்கு வைக்கும்போது கணக்கு வேறு: வாழ்நாள் முழுக்க பேட்டரி மாற்றம், வளரும் உடம்பில் இழுபடும் கம்பி, கிருமித் தொற்று. அதனால்தான் காயம் நேராமல் தடுப்பது சிகிச்சையைவிடப் பெரிய வேலை.

இனிச் செய்ய வேண்டியது

கணுவைக் கண்ணால் காண முடியாமைதான் அடிப்படைச் சிக்கல் என்பதால் ஆய்வுகள் அதைக் குறிவைக்கின்றன. அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், ஒளிரும் சாயத்தின் துணையோடு நுண்ணிழை நுண்ணோக்கியை இதயப் பரப்பில் வைத்து, கணுத் திசுவையும் சாதாரணத் தசையையும் அறுவையின்போதே பிரித்தறியும் முறையைப் பரிசோதித்து வருகின்றனர். மறுபக்கம் கணுவையே மீட்டுருவாக்கும் முயற்சி: 2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் டிபிஎக்ஸ்18 என்ற மரபணுவைச் செலுத்திப் பன்றியின் கீழறைத் தசையைத் தற்காலிகத் துடிப்பூற்றாக மாற்றிக் காட்டினர். மனிதருக்கு அது வர இன்னும் தொலைவு இருக்கிறது.

இவற்றுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. அறுவைக்கு முன் ஹோல்ட்டர் எடுத்து வைப்பது. கரோனரி படங்களில் கணுவின் தமனி எங்கிருந்து கிளைக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப வெட்டும் பாதையைத் தேர்வது. மேற்பெருஞ்சிரையில் எங்கே குழாய் செருகினோம், மேலறையில் எங்கே வெட்டினோம் என்பதை அறுவைக் குறிப்பில் தெளிவாக எழுதுவது. பத்தாண்டு கழித்து ஃப்ளட்டருக்கு அப்லேஷன் செய்யப்போகும் மருத்துவருக்கு அந்தக் குறிப்புதான் வரைபடம். வீடு திரும்பும்போது தரும் சுருக்கத்தில், வால்வு எப்படி, துளை அடைபட்டதா என்பவற்றோடு, எந்தத் தாளத்தில் வீடு போகிறார் என்பதையும் எழுதுவது.

எல்லாவற்றையும்விட, கணக்கிடும் முறை மாற வேண்டும். இதய அறுவையின் வெற்றியைப் பொதுவாக முப்பது நாள் உயிர்ப்பிழைப்பு விகிதத்தால் அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் சைனஸ் கணுக் காயம் பதிவாகவே ஆகாது. முப்பதாம் நாளில் அந்த நோயாளி உயிரோடும் பெரும்பாலும் நலமாகவும் இருப்பார். மஸ்டர்ட் முறையின் உண்மையான விலையை டொராண்டோ கண்டது, குழந்தைகளை இருபது முப்பது ஆண்டுகள் கைவிடாமல் தொடர்ந்ததால். காக்ஸ் தம் வெட்டை நகர்த்தியது, நோயாளிகளை ஓடவைத்துப் பார்த்ததால். நம் ஊரில் இலவசத் திட்டங்களாலும் காப்பீட்டாலும் பிறவி இதயக் குறைக்கான அறுவை பெருகியிருக்கிறது. அந்தத் திட்டங்கள் அறுவைச் செலவோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கொரு முறை தாளப் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கினால், இருபது ஆண்டு கழித்து எந்த முறை கணுவைக் காத்தது, எது கெடுத்தது என்று சொல்லும் தரவு நம் கையிலேயே இருக்கும்.